ஆயா கையில் ஒரே ஒரு தழும்பு

ஒவ்வொரு வருஷமும் ஈஸ்டருக்கு முந்தின வாரம் எனக்கும் ஆயாவுக்கும் ஒரு சண்டை வரும். ஃப்ளூ ஊசி விஷயமாகத்தான். மருந்துக்கடை வாசலில் இந்த வருஷத்து ஊசி வந்துவிட்டது என்று பலகை வைத்திருப்பார்கள், வேலை முடிந்து வரும் வழியில் அதைப் பார்த்துவிட்டு நான் வந்து சொல்வேன், ஆயா முறத்தில் பருப்பு புடைப்பதை நிறுத்தாமலே, "இன்னாத்துக்கு தம்பி வருசா வருசம்?" என்று கேட்பார். அப்புறம் ரவிக்கைக் கையைக் கொஞ்சம் மேலே ஏற்றிக் காட்டுவார். இடது தோளுக்குக் கீழே ஒரு தழும்பு, நடுவில் குழிந்து, ஓரமெல்லாம் சுருங்கி, பழைய காசு ஒன்றைத் தோலுக்கடியில் வைத்துத் தைத்த மாதிரி. சின்ன வயசில் அம்மை குத்தியது.

"இது ஒண்ணுதான் குத்துனாங்க. எண்பத்தி நாலு வயசாவுது. மாரியம்மா என் பக்கம் திரும்பியே பாக்கல. உன் ஊசி மட்டும் ஏன் ஒரு வருசத்துக்கு மேல நிக்க மாட்டேங்குது?"

ஆயா என் சொந்த ஆயா இல்லை. 2009-ல் வேலூர்ப் பக்கத்திலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனிக்கு வேலைக்கு வந்தேன். பன்றிக் காய்ச்சல் என்று உலகமே நடுங்கிக்கொண்டிருந்த வருஷம், விமான நிலையத்தில் யாராவது இருமினால் நாலு பேர் விலகி நிற்பார்கள். சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டின் பின்கட்டு வாடகைக்குக் கிடைத்தது. அந்த வீட்டுக்காரரின் அம்மாதான் ஆயா. கரும்பு வெட்ட வடாற்காட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பேத்தி. வீட்டில் பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் எல்லாருக்கும் இங்கிலீஷ்தான், கோயிலில் பாட மட்டும் கொஞ்சம் தமிழ். நான் வந்ததும் ஆயாவுக்குத் தமிழ் பேச ஓர் ஆள் கிடைத்தது. என் பேச்சு அவருடைய ஆயா பேச்சு மாதிரியே இருக்கிறதாம். அதனால் வாடகை இரண்டு நாள் தள்ளிப்போனாலும் மகன் கேட்கமாட்டார், ஆயா விடமாட்டார்.

சரி, கேள்விக்கு வருகிறேன். பல வருஷமாக நான் இந்தக் கேள்வியை, "அது வேற ஆயா, இது வேற" என்று தட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். ஆனால் இதே கேள்விக்குத்தான் உலகத்தின் பெரிய பெரிய ஆய்வுக்கூடங்கள் பதில் தேடிக்கொண்டிருக்கின்றன. அவர்கள் அதற்கு யுனிவர்சல் ஃப்ளூ வாக்சின் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், எந்த ஃப்ளூ வந்தாலும் தாங்கும் ஒரே தடுப்பூசி. ஆயா அதையே ரவிக்கைக் கையைத் தூக்கிக் கேட்கிறார்.

பெரியம்மை வைரஸ் பெரிய உருவம், நிதானமான சுபாவம். நூறு வருஷம் கழித்து வந்தாலும் ஏறக்குறைய அதே முகம். 1796-ல் ஜென்னர் மாட்டம்மையை வைத்து ஆரம்பித்த வேலை, 1977-ல் சோமாலியாவில் இயற்கையாக நோய் தொற்றிய கடைசி ஆளோடு முடிந்தது, 1980-ல் ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஃப்ளூ வைரஸ் ஆர்என்ஏ ஜாதி, அதாவது அதன் மரபணு ஆர்என்ஏ என்ற பொருளால் ஆனது. தன்னைப் படியெடுக்கும்போது பிழை விழும், திருத்த ஆள் கிடையாது. பொதுவாக இத்தோடு கதையை முடித்துவிடுவார்கள், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் தட்டம்மை வைரஸும் ஆர்என்ஏதானே? அதற்கும் பிழை விழுகிறது. இருந்தும் குழந்தையில் போட்ட இரண்டு ஊசி ஆயுசுக்கும் நிற்கிறது. காரணம், தட்டம்மை தன் மேல்தோலை மாற்றிக்கொண்டால் அதற்கே பிழைப்பு நடக்காது, நம் செல்லுக்குள் நுழைய முடியாமல் வெளியே நின்றுவிடும். ஃப்ளூ தன் முகத்தை எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், அதன் தொழில் கெடாது. இங்கேதான் விஷயமே இருக்கிறது.

இதை ஆயாவுக்குப் புரியவைக்க நான் பட்ட பாட்டுக்கு, கடைசியில் வழி காட்டியது ஆயாவே சொன்ன ஒரு கதை.

இந்த ஊரில் தெருக்கூத்துக்கு சிக்ஸ் ஃபூட் டான்ஸ் என்று பெயர். எப்படி அந்தப் பெயர் வந்தது என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள், நான் எதையும் நம்புவதில்லை. ஆயாவின் அப்பா கூத்தாடி. பகலில் கரும்பு வெட்டு, ராத்திரியில் வேஷம். ஒரு நாள் துரியோதனன், ஒரு நாள் கீசகன், பெண் வேஷத்துக்கு ஆள் வராவிட்டால் திரௌபதியும் அவரேதான். ஆயாவுக்கு அப்போது ஐந்தாறு வயசு. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளை, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் செக்கச்செவேலென்று முகமும் அட்டைக் கிரீடமுமாக ஒருத்தன் அலறிக்கொண்டு வந்ததைப் பார்த்து ஓவென்று அழுதுவிட்டதாம். அப்பாவைத் தேடி அழுகிறது, அப்பாவைப் பார்த்தே அழுகிறது. அம்மா காதில் மெதுவாகச் சொன்னாராம்: "மூஞ்சியப் பாக்காத, கால பாரு." பார்த்தால் இடது காலில் சுண்டுவிரல் இல்லை. கரும்புக் கத்தி எடுத்துக்கொண்டுபோன விரல். சலங்கைக்குக் கீழே அந்த மொட்டைக் கால் ஆடிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் எந்த வேஷத்தில் வந்தாலும் ஆயாவுக்கு பயமில்லை. முகத்தைப் பார்க்கவே மாட்டாராம், கிரீடம் ஆடும்போது இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நம் உடம்புக்கு அப்படிக் காதில் சொல்ல யாருமில்லை. அது முகத்தைப் பார்த்தே பழகிவிட்டது.

ஃப்ளூ வைரஸின் மேல் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருப்பது ஹீமக்ளூட்டினின் என்ற புரதம். அடுப்படியில் இருக்கும் கிராம்பை ஒன்று எடுத்துப் பாருங்கள், மேலே மொட்டு, கீழே காம்பு. கிட்டத்தட்ட அந்த வடிவம்தான். மொட்டு நம் தொண்டைச் செல்லின் மேல் இருக்கும் சர்க்கரைப் பொருளைப் பிடித்துக்கொள்ளும். செல் அதை உள்ளே விழுங்கிய பிறகு, அங்கே இருக்கும் புளிப்பில் காம்பு வில் தெறித்த மாதிரி வளைந்து நிமிர்ந்து, வைரஸின் தோலையும் செல்லின் தோலையும் ஒட்டவைக்கும். இந்தத் தெறிப்பு கொஞ்சம் பிசகினாலும் வைரஸுக்குக் கதை முடிந்தது. அதனால் காம்பு வருஷக்கணக்கில் அவ்வளவாக மாறுவதில்லை. மொட்டு மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் முள்ளெல்லாம் நெருக்கமாக நிற்பதால் உடம்பின் கண்ணுக்கு முதலில் படுவது மொட்டுதான், வைரஸைப் பிடிக்க உடம்பு செய்யும் ஆன்டிபாடியில் பெரும்பங்கு மொட்டுக்கு எதிராகவே உருவாகிறது. வேஷம் கலைந்து அடுத்த வேஷம் கட்டியதும் உடம்பு முன்வரிசைப் பிள்ளை மாதிரி முழிக்கிறது.

நம் வருடாந்திர ஊசி அந்த முகத்தைத்தான் கற்றுக்கொடுக்கிறது. எந்த முகம் என்று முன்கூட்டியே ஊகிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் வருஷத்துக்கு இரண்டு தடவை கூடுகிறது. வடக்கு அரைக்கோளத்துக்கு பிப்ரவரியில், தெற்கில் இருக்கும் எங்களுக்கு செப்டம்பரில். செப்டம்பரில் தேர்ந்தெடுத்த வைரஸை வளர்த்து, கொன்று, சுத்தம் செய்து, குப்பியில் அடைத்து, கப்பலிலோ விமானத்திலோ ஏற்றி இங்கே கொண்டுவர மார்ச், ஏப்ரல் ஆகிவிடும். காய்ச்சல் உச்சத்துக்குப் போவது ஜூன், ஜூலையில். ஒரு பிள்ளையைச் சுமந்து பெறும் காலம் அது. அதற்குள் வைரஸ் சும்மா இருக்குமா?

2019-ல் அது சும்மா இருக்கவில்லை என்பதற்கு நானே சாட்சி. ஏப்ரலில் ஊசி போட்டுக்கொண்டவன், ஜூனில் பத்து நாள் படுத்த படுக்கை. முதுகெலும்பில் யாரோ உட்கார்ந்து அரைப்பது போல வலி. ஆயா மிளகும் சீரகமும் தட்டிப்போட்டு ரசம் வைத்து சொம்பில் கொண்டுவந்து தருவார், தந்துவிட்டு, "ஊசி போட்டியே தம்பி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவார். அந்த வருஷம் இங்கே அதிகம் சுற்றியது எச்3என்2 என்ற வகை, அந்த எச் ஹீமக்ளூட்டினினின் எச்தான். ஃப்ளூ குடும்பத்திலேயே வேஷம் மாற்றுவதில் கெட்டிக்காரன் அவன்தான். முகம் பொருந்தி வந்த வருஷங்களிலேயே ஊசி நூற்றுக்கு 40-லிருந்து 60 வரைதான் காப்பாற்றும். பொருந்தாவிட்டால்? 2014-15 குளிர்காலத்தில் அமெரிக்காவில் அது 20-ஐக்கூடத் தொடவில்லை. ஆனாலும் நான் போட்டுக்கொள்கிறேன். காரணம் அப்புறம் சொல்கிறேன்.

இதில் முட்டைக் கதை ஒன்று இருக்கிறது, அது எங்கள் வீட்டுச் சண்டையின் இன்னொரு பாதி. ஃப்ளூ தடுப்பூசியில் பெரும்பகுதி இன்றும் கோழி முட்டையில்தான் வளர்கிறது. பத்துப் பதினொரு நாள் அடைகாத்த முட்டையில் வைரஸைச் செலுத்தி, இரண்டு மூன்று நாள் வளரவிட்டு, உள்ளிருக்கும் நீரை எடுப்பார்கள். ஒரு டோஸில் சேரும் ஒவ்வொரு வகைக்கும் உத்தேசமாக ஒரு முட்டை. 1940-களில் அமெரிக்க ராணுவத்துக்காக உருவான முறை, இன்னும் மாறவில்லை. இது எனக்குத் தெரிந்ததோடு நின்றிருக்கலாம், நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் ஆயாவிடம் சொல்லித் தொலைத்தேன். இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் ஈஸ்டர் திருவிழாவுக்கு ஆயா விரதம். வீட்டில் கவுச்சி வாசனையே வரக்கூடாது. "முட்டையில வளத்தத விரதத்துல எப்படி ஏத்திக்குவேன்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி! அது சுத்தப்படுத்தியது, அதில் முட்டையின் சுவடு மட்டும்தான் மிஞ்சும் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். மாரியம்மனுக்குக் கணக்கு சொல்ல வேண்டியது நான் இல்லையே. அதனால் எங்கள் வீட்டில் ஃப்ளூ ஊசி ஒவ்வொரு வருஷமும் ஈஸ்டர் முடிந்து, விரதம் விட்டு, கோழிக்குழம்பு சாப்பிட்ட பிறகுதான்.

முட்டையின் தொல்லை விரதத்தோடு போவதில்லை. மனுஷத் தொண்டையில் வாழ்ந்த வைரஸைக் கொண்டுபோய் முட்டையில் விட்டால், அங்கே பிழைப்பதற்காக அது தன் மொட்டில் சின்னச் சின்ன மாற்றம் செய்துகொள்ளும், எச்3என்2 முக்கியமாக. ஆக, சரியான முகத்தைத் தேர்ந்தெடுத்தால்கூட குப்பிக்குள் வந்து சேரும் முகம் கொஞ்சம் வேறாக இருக்கலாம். இன்னொன்றும் உண்டு. 2023-ல் தென்னாப்பிரிக்காவில் பறவைக் காய்ச்சல் பரவி லட்சக்கணக்கான கோழிகளை அழிக்க வேண்டிவந்தது. கடைகளில் முப்பது முட்டை அட்டையைக் காணோம், ஆளுக்கு இவ்வளவுதான் என்று சில இடங்களில் அளந்து கொடுத்தார்கள். புரட்டாசி மாசம் என்பதால் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அது உறைக்கவே இல்லை, முட்டையைத் தொடாத மாசம். எனக்கு மட்டும் ஒரே நினைப்பு. பறவைக் காய்ச்சல் மனிதருக்குள் பரவத் தொடங்கினால், அதற்கான தடுப்பூசியை எந்தக் கோழியின் முட்டையில் வளர்ப்பார்கள்? இங்கே போடுவது வெளிநாட்டிலிருந்து வரும் ஊசி, அங்கே கோழிகளைக் கோட்டைக் காவலில் வைத்திருக்கிறார்கள், எல்லாம் சரி. ஆனாலும் உலகத்தின் காப்பு இன்னும் ஒரு முட்டை ஓட்டுக்குள் இருக்கிறது என்பது ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. செல்லில் வளர்க்கும் ஊசி வந்துவிட்டது, புரதத்தை மட்டும் தனியாகச் செய்வதும் வந்துவிட்டது. முட்டைதான் மலிவு, அதனால் முட்டை.

காலைப் பார்க்கக் கற்றுக்கொடுக்க முடியுமா என்ற யோசனை புதிதில்லை. 1993-லேயே ஜப்பானில் ஒரு குழு, காம்பைப் பிடிக்கும் ஆன்டிபாடி ஒன்றை எலியில் கண்டுபிடித்தது. அது ஒரே ஒரு வகையோடு நிற்காமல் பல வகை ஃப்ளூவைத் தடுத்தது. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2008, 2009 வாக்கில் மனித ரத்தத்திலேயே அதே மாதிரி ஆன்டிபாடிகள் கிடைத்தபோதுதான் பரபரப்பு வந்தது. நம்மில் பலருக்கு அது கொஞ்சம் கொஞ்சம் ஏற்கெனவே இருக்கிறது, காரியம் செய்யும் அளவுக்கு இல்லை, அவ்வளவுதான்.

அதைப் பெருக்க எடுத்துக்கொண்ட வழிகள் எனக்குக் கூத்தாகவே தோன்றுகின்றன. நியூயார்க்கில் மவுன்ட் சினாய் ஆய்வாளர்கள், பீட்டர் பலேசி, ஃப்ளோரியன் கிராம்மர் குழு, ஒரே காம்பின் மேல் நம் உடம்பு கண்டேயிராத பறவை ஃப்ளூவின் மொட்டை வைத்து ஓர் ஊசி, அடுத்தது வேறொரு மொட்டை வைத்து இன்னோர் ஊசி என்று கொடுத்தார்கள். ஒரே நடிகனை வேஷம் வேஷமாக மாற்றி மேடைக்கு அனுப்பினால் முன்வரிசைப் பிள்ளை என்ன செய்யும்? முகத்தை விட்டுவிட்டுக் காலைப் பார்க்க ஆரம்பிக்கும். மனிதரில் நடத்திய முதல் கட்டச் சோதனையில் காம்புக்கு எதிரான ஆன்டிபாடி நன்றாகவே ஏறியது, 2020 கடைசியில் முடிவை வெளியிட்டார்கள்.

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் இன்னும் முரட்டு வழி. தலையையே வெட்டிவிடுவது. சொல்வது சுலபம், மொட்டைக் கிள்ளினால் காம்பு நிற்காது, மூன்றாகப் பிரிந்து சரிந்துவிடும். வருஷக்கணக்கில் அங்கே இங்கே முட்டுக் கொடுத்து அதை நிமிர்த்தி, ஃபெரிடின் என்ற இரும்பு சேமிக்கும் புரதம் இருக்கிறதே, அது தானாகவே பந்தாகத் திரளும், அந்தப் பந்தின் மேல் எட்டு இடத்தில் நட்டார்கள். முகமில்லாத எட்டு ஜோடிக் கால்கள் ஆடும் கூத்து. அதுவும் மனிதரில் முதல் கட்டம் தாண்டியிருக்கிறது.

மூன்றாவது வழி இதற்கு நேர் எதிர். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஹென்ஸ்லி குழு, எம்ஆர்என்ஏ முறையில், அதாவது புரதம் செய்யும் குறிப்பை மட்டும் உடம்புக்குக் கொடுத்து, இருபது முகங்களையும் ஒரே ஊசியில் காட்டிவிட்டார்கள். ஏ பிரிவில் அதுவரை தெரிந்த பதினெட்டு, பி பிரிவில் இரண்டு. எல்லா வேஷத்தையும் மேடைக்குப் பின்னால் கூட்டிப்போய்க் காட்டிவிட்டால் அப்புறம் எதைப் பார்த்து பயப்படும் பிள்ளை? 2022-ல் வந்த முடிவு, எலியிலும் ஃபெரட்டிலும். நோய் வராமல் முழுக்கத் தடுப்பதைவிட, வந்தாலும் சாகாமல் காப்பதுதான் அவர்கள் நோக்கம். எனக்கு மனசுக்குப் பிடித்தது இந்த வழி. காரணம் விஞ்ஞானம் இல்லை, அதில் அடக்கம் இருக்கிறது.

ஃபெரட் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. கீரிப்பிள்ளை சாயலில் இருக்கும் அந்தப் பிராணிக்கு மனுஷ ஃப்ளூ அப்படியே வரும், தும்மும், மூக்கொழுகும். 1933-ல் லண்டனில் மனித ஃப்ளூ வைரஸை முதலில் பிரித்தெடுத்ததே அதை வைத்துத்தான். அந்த ஆய்வாளர்களில் ஒருவரான வில்சன் ஸ்மித்துக்கே காய்ச்சல் வந்து, அவரிடமிருந்து எடுத்த வைரஸ் பல வருஷம் உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் வாழ்ந்தது.

இவ்வளவு இருந்தும் ஏன் இன்னும் மருந்துக்கடைக்கு வரவில்லை? எங்கள் தெரு வாட்சப் குழுவில் இதற்கு ஒரே பதில், வருஷா வருஷம் விற்றால்தானே லாபம், ஒரே ஊசியில் தீர்ந்துவிட்டால் கம்பெனிக்காரன் பட்டினியா கிடப்பான். இதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம், அதற்காக எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டுவது சோம்பேறித்தனம். முயன்று தோற்றவர்கள் இருக்கிறார்கள். ஓர் இஸ்ரேல் கம்பெனி பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் போட்டு மூன்றாம் கட்டம் வரை வந்தது, 2020-ல் முடிவைப் பிரித்தால் ஊசி போட்டவருக்கும் போடாதவருக்கும் வித்தியாசமே இல்லை. இவர்களும் பணம் போட்டவர்கள்தான்.

நான் படித்தவரையில் பெரிய முட்டுக்கட்டை இரண்டு. முதலாவது அளவுகோல். ஃப்ளூ தடுப்பூசி வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு பழைய ரத்தப் பரிசோதனை இருக்கிறது. வைரஸைக் கோழி ரத்தத்தில் கலந்தால் சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஆன்டிபாடி இருந்தால் ஒட்டாமல் அடியில் பொட்டு மாதிரி படியும். இந்த ஒட்டும் குணத்தை ஹிர்ஸ்ட் என்பவர் 1941-ல் கண்டார், ஆயா பிறந்த அதே வருஷம். எண்பது வருஷமாக அதுதான் தராசு. ஆனால் ஒட்டுவது மொட்டின் வேலை, எனவே அந்தத் தராசில் மொட்டுக்கான ஆன்டிபாடி மட்டும்தான் நிறுக்கும். காம்பைப் பிடிக்கும் ஆன்டிபாடி எவ்வளவு இருந்தாலும் முள் அசையாது. அப்படியானால் ஆயிரக்கணக்கான பேருக்குப் போட்டு, வருஷக்கணக்கில் காத்திருந்து, யாருக்குக் காய்ச்சல் வந்தது என்று எண்ண வேண்டும். இன்னும் பிறக்காத வைரஸுக்கு எதிராக வேலை செய்யும் என்று எதை வைத்து நிரூபிப்பது? அமெரிக்கர்கள் 2018-ல் போட்ட இலக்கில் நூற்றுக்கு 75, குறைந்தது ஒரு வருஷம், எல்லா வயசுக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். "முக்காலா?" என்றார் ஆயா. "அப்ப மிச்சக் கால்?" ரசம் என்றேன், சிரித்தார்.

இரண்டாவது முட்டுக்கட்டை நம் ஞாபகம். பிறந்த பிறகு முதலில் எந்த ஃப்ளூவைச் சந்தித்தோமோ அதன் பதிவு ஆயுசுக்கும் அழியாது, அப்புறம் எந்த ஃப்ளூ வந்தாலும் உடம்பு பழையதையே தேடும். தாமஸ் பிரான்சிஸ் 1960-ல் இதற்கு 'முதல் பாவம்' என்கிற மாதிரி ஒரு பெயர் வைத்தார். பாவம் என்பானேன்? சில நேரம் அது புண்ணியம். 2016-ல் வந்த ஓர் ஆய்வின்படி, 1968-க்கு முன் பிறந்தவர்களுக்கு எச்5என்1 பறவைக் காய்ச்சல் வந்தால் பாதிப்பு குறைவு, பின்னால் பிறந்தவர்களுக்கு எச்7என்9 வந்தால் குறைவு. அவரவர் குழந்தையில் கண்ட ஃப்ளூவின் காம்பு இதன் காம்புக்கு உறவு. ஆயா சின்னதில் கண்டிருக்கக்கூடியது எச்1, பதினாறு வயசில் 1957-ன் ஏஷியன் ஃப்ளூவில் எச்2. இரண்டுமே எச்5-க்கு ஒன்றுவிட்ட உறவு. நான் பிறந்தது 1971, எச்3 மட்டும் ஊரை ஆண்ட காலம். ஆக, கணக்குப்படி எச்5என்1 வந்தால் எண்பத்து நாலு வயசு ஆயாவைவிட நான் கவலைப்பட வேண்டும். இதைச் சொன்னபோது ஆயா, "நான் ரசம் வெச்சுத் தர்றேன், போ" என்றார்.

அதாவது ஒவ்வொருவர் உடம்பும் வேறு வேறு கூத்து பார்த்து வளர்ந்த பிள்ளை. எல்லாருக்கும் ஒரே பாடத்தை நடத்த வேண்டியிருக்கிறது. எதையும் பார்க்காத கைக்குழந்தைக்கு முதல் பதிவாகவே காம்பைக் காட்டிவிடலாமே என்றும் யோசிக்கிறார்கள்.

2025 மே மாதம் அமெரிக்க அரசு இந்த யுனிவர்சல் ஊசிக்காக ஒரே அடியாக 50 கோடி டாலரை ஒரு முறையில் கொட்டுவதாக அறிவித்தது. முழு வைரஸையும் ரசாயனத்தால் கொன்று அப்படியே கொடுக்கும் பழைய பாணி. அதே வருஷம் ஆகஸ்டில் எம்ஆர்என்ஏ தடுப்பூசித் திட்டங்கள் பலவற்றுக்குப் பணத்தை நிறுத்தினார்கள். கொன்ற வைரஸ் தப்பென்று நான் சொல்லவில்லை, அந்த முறைக்குப் பின்னால் இருக்கும் ஜெஃப்ரி டவுபன்பர்கர்தான் 1918 ஸ்பானிஷ் ஃப்ளூ வைரஸின் மரபணுவை அலாஸ்காவில் பனிக்குள் புதைந்திருந்த உடலிலிருந்து படித்தெடுத்த குழுவின் தலைவர், சாமானிய ஆள் இல்லை. ஆனால் எந்தக் குதிரை ஓடும் என்று யாருக்கும் தெரியாத பந்தயத்தில் ஒரே குதிரைமேல் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

1918 என்றால் இந்த ஊருக்குச் சும்மா இல்லை. அந்த செப்டம்பரில் யாரோஸ்லாவ், வெரோனேஜ் என்று இரண்டு கப்பல்கள் ஃப்ரீடவுன் வழியாக, போர்முனையிலிருந்து திரும்பும் ஆட்களோடு கேப்டவுனுக்கு வந்தன. அப்புறம் ரயில் ஏறி உள்நாடெல்லாம் பரவியது. சில வாரங்களில் மூன்று லட்சம் பேர் செத்தார்கள் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. ஆயாவின் ஆயா அதைப் பெரிய காய்ச்சல் என்றே சொல்வாராம். கரும்புத் தோட்ட லைனில் காலையில் வேலைக்குக் கூப்பிடும் மணி அடித்தது, வெளியே வர ஆளில்லை என்று அந்த ஒரு வாக்கியம் மட்டும் ஆயாவிடம் மிச்சமிருக்கிறது. 1961-ல் இதே நாட்டின் தெற்குக் கடற்கரையில் ஆலாப் பறவைகள் ஆயிரத்துக்கும் மேல் செத்து ஒதுங்கின, காட்டுப் பறவைகளை இப்படிக் கொல்லும் எச்5 ஃப்ளூ முதன்முதலில் தெரியவந்தது அப்போதுதான்.

ஏன் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்வதாகச் சொன்னேன் இல்லையா. தென்னாப்பிரிக்காவில் சாதாரண வருஷத்திலேயே ஃப்ளூ பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவரைக் கொண்டுபோகிறது, எச்ஐவி, காசநோய் இருப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். சொவெட்டோவில் ஷபீர் மாதி குழு 2011-லும் 2012-லும் கர்ப்பிணிகளுக்கு இதே சாதாரண ஊசியைப் போட்டுப் பார்த்தது. தாய்க்குப் போட்டது வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்து ஏறக்குறைய பாதி அளவு காப்பாற்றியது. பிறந்து ஆறு மாசம் வரை எந்த ஃப்ளூ ஊசியும் போட முடியாத பிள்ளைகள் அவை. பாதிதான். அந்தப் பாதிக்குள் ஆயாவின் கொள்ளுப்பேரன் ஒருத்தன் போன ஜூலையில் பிறந்து, ஆடிக் கூழ் ஊற்றும் கூட்டத்தில் எல்லாரும் இருமிக்கொண்டிருக்க நடுவில் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் அம்மாவை ஊசி போடக் கூட்டிப்போனது வேறு யாருமில்லை, ஆயாதான். தனக்கு என்றால் ஆயிரம் கேள்வி.

இந்த வருஷமும் விரதம் விட்ட மறுநாள் ஆயாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஊசி போடும் சிஸ்டர் ஜூலுக்காரப் பெண், "கோகோ, எந்தக் கை?" என்றார். கோகோ என்றால் பாட்டி. ஆயா வலது கையை நீட்டப் போனவர், என்ன நினைத்தாரோ, ரவிக்கைக் கையை ஏற்றி இடதைக் காட்டினார். சிஸ்டர் தழும்பை விரலால் தொட்டுப் பார்த்தார். அவருக்கு முப்பது வயசுகூட இருக்காது, அப்படி ஒன்றைக் கிட்டத்தில் பார்த்ததில்லை போல.

"இதும் பக்கத்துலயே குத்தச் சொல்லு தம்பி," என்றார் ஆயா. "பழசு கொஞ்சம் புதுசுக்குச் சொல்லிக் குடுக்கட்டும்."

சிஸ்டருக்கு எப்படி மொழிபெயர்ப்பது என்று தெரியாமல் இடது கை என்று மட்டும் சொன்னேன்.